முழங்கை உயரம்

"முழங்கையை மடக்கிக்கிட்டு நில்லுங்க அய்யா" என்றான் சகாயம். தெய்வசிகாமணி மடக்கிக்கொண்டு நின்றார். "தோளைத் தூக்காதீங்க. காய் நறுக்குத மாதிரி சும்மா நில்லுங்க." காய் நறுக்குகிற மாதிரி எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியாது. எழுபது வயதுக்கு மேல் தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நின்றார். சகாயம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவர் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே சுவரில் ஒரு கோடு போட்டான். புது மேடை அந்தக் கோட்டில் வரும். கீழ்ப்பெட்டிகளை நேற்றே செய்து நிறுத்தியாகிவிட்டது. அடியில் வெட்டிக்கொள்ள இடம் விட்டிருக்கிறான். உயரம் இதுதான் என்று முடிவானால் அறுத்து உட்கார வைத்து மேலே கிரானைட் பலகையை ஒட்டிவிடுவான். ஒட்டினால் ஒட்டியதுதான். "அம்மாவும் ஒருக்கா வந்து நின்னுட்டா நல்லாருக்கும். அவங்கதானே புழங்கப் போறது" என்றான். ஹாலில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணாடி ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த குணசுந்தரி தலை நிமிராமல் சொன்னாள்: "வேணாம்ப்பா. அவர் அளவுக்கே வெச்சிடு." சகாயம் அவரைப் பார்த்தான். அவர் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஏதோ ஜில்லென்று இறங்கியது. இத்தனை வருஷக் குடித்தனத்தில், கடைசியில், இந்த மனுஷி ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார ஒரு நாற்காலிதான் பாக்கி. மற்ற இடமெல்லாம் சமையலறை வெளியே வந்து கொட்டிக் கிடந்தது. கொரட்டூரில், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற இரண்டாம் மாடி வீடு. நாலு எட்டு வைத்தால் எதிர்ச் சுவர். அதற்கு இப்போது மோர் நிறத்தில் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டியிருக்கிறாள். வீடு பெரிசாகத் தெரியுமாம். தெரிகிறது. இரண்டு தெய்வசிகாமணி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் லாபம். உள்ளே கட்டர் ஓட ஆரம்பித்தது. பல் கூசியது. மரத்தூள் வாசனைக்கும் கிரீஸ் வாசனைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் மூக்குக்குள் டிப்போ வந்து நின்றது. பஸ் டிப்போவில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். கரண்ட் போன ராத்திரியில் மெக்கானிக் வந்து கிளட்ச் பிளேட் என்று கத்தினால், டார்ச் இல்லாமல் போய் எடுத்து வருவார். வேகமாக ஓடுகிற சரக்கு இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். கனமானது கீழே. எப்போதாவது கேட்பது மேலே. யாரும் கேட்காதது பின்னால், இருட்டில். இவ்வளவுதான் ஸ்டோர்ஸ். இவ்வளவுதான் சமையலறையும். கல்யாணமான மறுவாரமே சொன்னார். கேட்டாளா. மஞ்சள்தூள் டப்பாவில் கடுகு இருக்கும். காபித்தூள் டப்பாவில் பொட்டுக்கடலை இருக்கும். சத்துமாவு டப்பாவைத் திறந்தால் உள்ளே இன்னொரு டப்பா, அதற்குள் ஏலக்காயும் ஒரு தையல் ஊசியும். தினமும் எடுக்கிற பருப்பு பரண் மேல், வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற முறுக்கு அச்சு கைக்குப் பக்கத்தில். என்னடி கணக்கு இது என்றால், "எனக்குத் தெரியும்ல, அப்புறம் என்ன" என்பாள். உனக்குத் தெரிஞ்சா போதுமா, ஒரு ஆள் லீவுல போனா ஸ்டோர்ஸ் நிக்கக் கூடாது, அதுக்குத்தான் பேர் எழுதி ஒட்டறது என்று இவர் கத்துவார். "எனக்கேது லீவு" என்று அவள் தாளிப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சண்டை அங்கே முடியும். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் முடியும்.

இப்போது பார். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு. உப்பு ஜாடியில்கூட உப்பு. அவருக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது. "உப்புக்கு எதுக்குடி பேரு? பார்த்தா தெரியாதா?" என்றார். "ரவை மாதிரி இருக்கில்ல" என்றாள். "உப்பு எப்படி ரவை மாதிரி இருக்கும்?" "சில பேருக்கு இருக்கும்." சில பேராவது. சமையலறைக்குள் வருவது அவள் ஒருத்தி. அவளுக்கா உப்பும் ரவையும் தெரியாது. பரணை அடைத்துவிட்டாள். ஏறி எடுக்கிற வேலையே வேண்டாம் என்றாள். சரிதான், ஏணியில் ஏறுகிற வயசா. மூலையில் சுழல்கிற தட்டு. அடியில் இழுத்தால் முழுசாக வெளியே வருகிற கம்பிக் கூடைகள், குனிந்து தலையை உள்ளே விட வேண்டியதில்லை. வெங்காயத்துக்கு ஒன்று, உருளைக்குத் தனியாக ஒன்று, சேர்த்து வைத்தால் முளைவிடும். கத்திகள் காந்தப் பட்டையில். கரண்டிகள் கொக்கியில். எண்ணெய் அடுப்புக்கு வலப்பக்கம். ஒவ்வொன்றும் அவர் சொன்னது. அவர் சொன்னதேதான். இதைச் சொல்லி எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டார். டிப்போவில் இருந்தால் கூட்டிப் போய்க் காட்டியிருப்பார், பாருங்கடா, என் வீட்டம்மா போட்ட ரேக்கை.

"சகாயம்" என்று குரல் கொடுத்தார். கட்டர் நின்றது. "இந்த ஐடியா எல்லாம் யாரோடதுன்னு நினைக்கிறே?" சகாயம் கதவோரம் தலையை நீட்டினான். புருவமெல்லாம் தூள். "அம்மா போன்ல படம் பாத்துச் சொன்னாங்க." "படமா? கல்யாணமானதுலேர்ந்து நான் சொன்னது. எங்க ஸ்டோர்ஸ் கவுண்டரும் என் முழங்கை உயரம்தான். குனிஞ்சு நின்னு வேலை செய்யறவன் மாடு." சகாயம் சிரித்தான். உள்ளே பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் மச்சானும் சிரித்தான். "அப்ப இனிமே அய்யாதான் சமையலா? அம்மாவுக்கு ரெஸ்ட்டா?" "ஏன்?" "இல்ல, நாங்க எங்க போனாலும் யாரு நின்னு சமைக்காங்களோ அவங்க முழங்கைதான் கணக்கு. போன வாரம் ஒரு வீட்ல, வீட்டுக்காரரு நல்ல உயரம், என் அளவுக்கு வைன்னு நின்னாரு. அந்தம்மா வந்து, அப்ப நீயே ஆக்கிக்கோன்னு கரண்டியைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க." மச்சான் உள்ளே இன்னும் சத்தமாகச் சிரித்தான். தெய்வசிகாமணியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் குணசுந்தரி எழுந்துவிட்டாள். "டீ குடிக்கிறியாப்பா? பால்கனியில அடுப்பு வெச்சிருக்கேன். சர்க்கரை போடலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே சகாயத்தின் முகத்துக்கும் இவர் முகத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். அவசரமாக வந்தாள். முழங்கால் வலிக்காரி, தரையிலிருந்து எழ வேண்டுமானால் முருகா முருகா என்று ரெண்டு தரம் சொல்லுகிறவள், முருகனைக் கூப்பிடாமலே எழுந்து வந்தாள்.

கட்டர் மறுபடி ஓடியது. அவர் அளவுக்கே வெச்சிடு. சமைக்கிறவர்கள் முழங்கைதான் கணக்கு. அவர் அளவுக்கே. சரி, என்ன இப்போது. அவளுக்குக் கொஞ்சம் உயரமாக இருக்கும், ஒரு பலகை போட்டு நின்றுகொள்வாள். நாலு விரல்தானே. நாலு விரல் இருக்குமா? அவள் அவர் தோளுக்குக் கீழே. கல்யாண போட்டோவில் ஒரு செங்கல் மேல் நிற்க வைத்து எடுத்தான் போட்டோக்காரன், புடவை மறைத்துக்கொண்டது. நாலு விரலுக்கு மேலேயே இருக்கும். அவள் இதைக்கூட யோசிக்காதவளா. முருங்கைக்காய் வாங்கினாலே தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, கடைக்காரன் வேண்டாம்மா போ என்கிற வரைக்கும் யோசிக்கிறவள். இந்த மேடை இனி சாகிற வரைக்கும் மாறாது. அதில் ஒரு நிமிஷம் வந்து நின்று பார்க்க மாட்டாளாமா. தலையைக்கூடத் தூக்கவில்லை. ஜாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முன்னாலேயே நெட்டுருப் போட்டு வைத்ததைச் சொல்கிற மாதிரி. சுவரில் மடக்கு மேசை வேறு. பழைய சாப்பாட்டு மேசை இடத்தை அடைக்கிறது என்று வாட்ச்மேனிடம் தூக்கிக் கொடுத்தாள். நல்ல விஷயம், அவரும் சொன்னதுதான். அந்த இடத்தில் சுவரோடு ஒரு பலகை, இழுத்தால் மேசை, விட்டால் சுவர். அதற்கு ஒரு நாற்காலி. இதோ இவர் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி. ஏன்டி ஒண்ணு என்று கேட்டார். கேட்டாரே. "நான் என்னிக்கு உக்காந்து சாப்பிட்டேன்" என்றாள். அது உண்மை என்பதால் விட்டுவிட்டார். உண்மையைச் சொல்லியே ஒரு ஆளை ஏமாற்ற முடியும் என்று ஸ்டோர்ஸில் எவனும் சொல்லித் தரவில்லை. பெரிய குக்கர் எங்கே? எக்ஸ்சேஞ்சில் போட்டாயிற்று, சின்னது வந்துவிட்டது. இட்லிக் குண்டான்? தம்பி பெண்டாட்டிக்குக் கொடுத்தாள். கிரைண்டர்? இப்போ மாவே பாக்கெட்டில் வருதுங்க. எல்லாம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இவர் கண் முன்னாலேயே. இவர்தான் சபாஷ் போட்டார். சிறிய வீட்டில் சரக்கைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று பிரசங்கம் வேறு செய்தார். அவள் உம் கொட்டினாள். எதற்கும் உம் கொட்டாதவள், உம் கொட்டினாள்.

டீ வந்தது. தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மடக்கு மேசையை இழுத்து அதில் வைத்தாள். "எடுத்துக்கோங்க." கையில்தானே கொடுப்பாள். எப்போதும் கையில்தான், சூடாக இருந்தால் தன் முந்தானையில் பிடித்து. இரண்டு வாரமாகவே இப்படித்தான். மாத்திரை டப்பாவை எடுத்துத் தர மாட்டாள், மேல் தட்டில இருக்கு பாருங்க என்பாள். சிலிண்டர் மாற்றும்போது வந்து பாருங்க, சும்மா பாருங்க என்றாள். பார்த்தார். வாஷரைப் பாருங்க, சோப்புத் தண்ணி தொட்டு வைங்க, குமிழி வருதான்னு பாருங்க. கேட்டுக்கொண்டார், எவனோ ஒரு அப்ரண்டிஸ் மாதிரி. எதிர் வீட்டுப் பெண் ஹேமலதா லிப்ட் வாசலில் நிறுத்தி, "அங்கிள், சாவி ஒண்ணு எங்க வீட்ல இருக்கு, நீங்க கவலையே படாதீங்க" என்றாள் போன திங்கட்கிழமை. எந்தச் சாவி? எதற்குக் கவலை? வயசானவர் என்று எல்லோரும் பேசுவதுதான் என்று தலையாட்டிவிட்டு மேலே வந்துவிட்டார். மரமண்டை. ஒரு ஆள் லீவுல போனா ஸ்டோர்ஸ் நிக்கக் கூடாது, அதுக்குத்தான் பேர் எழுதி ஒட்டறது. யார் சொன்னது. இவர்தான். எடுத்த தம்ளரை வைத்துவிட்டு ஜாடி வரிசையைப் பார்த்தார். உப்பு ஜாடியில் உப்பு. கொட்டை எழுத்தில். அவருக்குத்தான் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாது. அவளுக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்க வருகிறது.

புனே. வேறு எங்கே. மகன் இளம்பரிதிக்கு அங்கே குழந்தை பிறந்து ஆறு மாசமாகிறது, மருமகள் நிவேதா ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். யாராவது போகத்தான் வேண்டும், போவோம் என்று இவர் நினைத்திருந்தார். இரண்டு பேருமாக, மழை முடிந்து, கீழ் பெர்த் கிடைக்கிற மாதிரி. மகன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். கூப்பிட்டிருக்கிறான். இவரை அல்ல. சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்வாளே, காற்றுக்காக என்பாளே, துணி காயப் போட்ட மறைவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு என்ன காற்று. போன வருஷம் அங்கே போயிருந்தபோது இவர் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்லதுதான் செய்தார். தீப்பெட்டி மாதிரி வீடு, ஒரு படுக்கையறை, அடுக்களையில் மிளகாய்த்தூளும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் ஒரே தட்டில். மருமகள் ஆபீஸ் போன பிறகு, குணசுந்தரி கோவிலுக்குப் போன பிறகு, ஒரே பகலில் மொத்தத்தையும் இறக்கிச் சீர் பண்ணி ஏற்றினார். தனியாளாக. அந்த வயசில். சாயங்காலம் வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்த நிவேதா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீர் வீணாகிறதே என்று இவர்தான் போய்க் கதவைத் தட்டினார். மறுநாள் பரிதி, "அப்பா, உங்களுக்கு இங்க போரடிக்குதோ" என்றான். அன்றைக்கே டிக்கெட்டும் எடுத்தான். இடம் பத்தாது என்பார்கள். சின்ன வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே எடுப்பது என்று இவருக்கா பாடம் எடுக்கிறார்கள். குழந்தைக்குத் தொட்டில், குழந்தைக்கு அலமாரி, பாட்டிக்கு ஒரு பாய். தாத்தாவுக்கு ரேக் கிடையாது. யாரும் கேட்காதது பின்னால், இருட்டில். சே. அந்த நினைப்பைத் தள்ளினார். அது திரும்பி வந்தது.

டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. அவள் போய்விட்டால் சாயங்கால நேரம் எப்படிப் போகும். விளக்குப் போடுகிற நேரத்தில் அவள் ரெண்டு தட்டுத் தட்டுவாள் சுவிட்சை, அது ஒரே தட்டில் விழாது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் சாயங்காலம் ஆனது எப்படித் தெரியும். குளியலறை ஈரத்தில் கால் வழுக்கினால் ஹேமலதா சாவியைப் போட்டுத் திறந்து வருவாளா, இல்லை பேப்பர்க்காரன் ரெண்டு நாள் பேப்பர் கிடக்கே என்று சொன்ன பிறகு வருவாளா. கேஸ் வாசனை அவருக்குச் சட்டென்று மூக்கில் ஏறாது, மூக்கு எப்போதோ டீசலோடு போய்விட்டது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சோப்புத் தண்ணீர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு நாளாகத் திட்டம் போட்டிருப்பாள். பெயின்டுக்கு முன்னாலா, பின்னாலா. மோர் நிறம் கேட்டபோதே போகப் போகிறவளா. பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவர் குறட்டை விடுகிற வரைக்கும் காத்திருந்து, எந்த ஜாடி எங்கே என்று கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பாள். இவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். சண்டை போட்டிருந்தால் தேவலை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தால் தேவலை, போய் அழைத்து வந்திருப்பார். இது என்ன மாதிரி போவது. இவ்வளவு அழகாக அடுக்கி வைத்துவிட்டு. இவர் சொன்ன மாதிரியே அடுக்கி. இவர் வாயாலேயே சபாஷ் வாங்கிக்கொண்டு. இல்லை, கிழவன் மண்டையில் தூள் ஏறிவிட்டது, சும்மா கற்பனை. ஒரு மேடை உயரத்தை வைத்துக்கொண்டு என்னென்னவோ. கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்று சொல்லுவாள். சொல்லுவாளா? அவள் பொய் சொல்லி இவர் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கப் பயமாக இருந்தது.

கட்டர் நின்றது. சகாயமும் மச்சானும் கல்லைத் தூக்கிப் பெட்டிகளின் மேல் சும்மா வைத்தார்கள். சகாயம் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். "அய்யா, வந்து ஒருக்கா பாத்துக்கிடுங்க. சரின்னா பசையைத் தடவிருதேன்."

தெய்வசிகாமணி எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். "குணா. வா."

"நான் எதுக்கு?"

"வா."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மேடை முன்னால் நின்றாள். "நறுக்கு" என்றார். "எதை?" "எதையாவது. காத்தை நறுக்கு." மச்சான் சிரித்தான். சகாயம் அவன் காலை மிதித்தான். குணசுந்தரி கையைக் கல்லின் மேல் வைத்தாள். இரண்டு தோளும் மேலே ஏறிக் காதைத் தொட்டன. பாங்க் கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்க்கிற சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். கையை எடுத்துக்கொண்டாள். இவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. அதுதான் பதில்.

"எப்போ?" என்றார்.

"அடுத்த வாரம்."

"எத்தனை நாளைக்கு?"

"குழந்தை ஸ்கூலுக்குப் போற வரைக்கும்."

சகாயம் குனிந்து பையில் எதையோ தேடினான். மச்சான் ஜன்னல் கம்பியை எண்ணினான். வாசலை அடைத்துக்கொண்டு இவர்கள் இரண்டு பேரும் நின்றதால் அவர்களால் வெளியே போகவும் முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"போகாதேன்னு."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவர் யோசித்ததில்லை. போகாதே என்றால் அதோடு முடிந்தது என்றுதான் எப்போதும் இருந்திருக்கிறது.

"என்னைக் கூப்பிடலையா அவன்?"

"இடமில்லைங்க அங்க." கையை மறுபடி புடவையில் துடைத்தாள். "அவ வெச்ச பொருள் அவ வெச்ச இடத்துல இருக்கணுங்கறா. அது ஒண்ணுதான் கேக்கறா. தப்பா?"

"ஓகோ. நீயும் அந்தக் கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லை. புள்ளை வேணும் எனக்கு. தூக்கி வெச்சுக்கணும். உங்களைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணும் செஞ்சதுல எனக்கு இதையும் கேக்கத் தோணலை." குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு எல்லாத்தையும் கைக்கு எட்டற மாதிரி வெச்சுட்டுத்தானே போறேன்."

"எதிர் வீட்டுக்காரிக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். இவனுக்கும் தெரியுமா?"

"அய்யோ, எனக்குத் தெரியாது அய்யா" என்றான் சகாயம், பைக்குள்ளிருந்து.

"ரெண்டு மாசமா உங்க கண் முன்னாடிதாங்க அடுக்கினேன்" என்றாள். "ஒரு நாள் கேப்பீங்க, கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க நல்லாருக்கு நல்லாருக்குன்னுட்டே இருந்தீங்க."

ரயில் ஒன்று போயிற்று. ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது. அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு வேண்டியதெல்லாம் உள்ளே இருந்தது, எது எந்தத் தட்டில் என்றுதான் தெரியவில்லை. போகாதே என்பது எங்கோ இருந்தது. கை அதற்கு எட்டவில்லை. கைக்கு வந்ததைச் சொன்னார்.

"சகாயம். இறக்கு."

"அய்யா?"

"மேடையை இறக்கு. அம்மா அளவுக்கு."

"கிறுக்கா உங்களுக்கு?" என்றாள் குணசுந்தரி. இப்போதுதான் குரல் உயர்ந்தது. "நான் இங்க இருக்க மாட்டேங்க. நீங்கதான் நிக்கணும்."

"நிக்கறேன்."

"குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும்."

"என் முதுகு."

"அய்யா, அறுத்துட்டா பொறவு ஏத்த முடியாது பாத்துக்கிடுங்க" என்றான் சகாயம். "தெரியும். அளந்துக்கோ." அவள் நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தார். நகரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி நின்றாள். பென்சில் பழைய கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டது. "போதுமா?" என்றாள். அவனிடம் கேட்டாளா இவரிடம் கேட்டாளா தெரியவில்லை. "போதும்" என்றார். அவரை இடிக்காமல் ஒருக்களித்து வாசலைத் தாண்டிப் போனாள். இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் போவதற்கு இத்தனை வருஷத்தில் பழகியிருந்தாள்.

இரண்டு பேருமாகக் கல்லை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். கட்டர் கத்தியது. பால்கனியிலிருந்து அவள் குரல் வந்தது. கதவைச் சாத்தவில்லை. இனி எதற்குச் சாத்துவது. "பரிதி, அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சுப்பா. இல்லை, சத்தமெல்லாம் போடலை. அது என்னமோ பண்றாரு, விடு. நீ டிக்கெட்டைப் போட்டுடு." டிக்கெட்டைப் போட்டுடு. அவ்வளவுதான். மேடை இறங்கினால் அவள் மனசும் கொஞ்சம் இறங்கும் என்று இவர் நினைத்தாரா? நினைக்கவில்லை. ஒரு நிமிஷம் நினைத்தார். கீற்றுக் கீற்றாகப் பலகை அறுந்து விழுந்தது. கல் ஏறியது. பசை தடவினான். ஓரத்தில் பிதுங்கியதை வழித்தான். "சாயங்காலம் வரைக்கும் பாரம் ஒண்ணும் வைக்காதீங்க" என்றான் சகாயம், இவர் முகத்தைப் பார்க்காமல். சொல்லிக்கொள்ளாமலே மச்சானோடு படி இறங்கிப் போனான்.

சமையலறை காலியாக இருந்தது. நல்ல வேலைதான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடினார். மேடை முன்னால் போய் நின்றார். முழங்கை மடங்கின இடத்தில் கல் இல்லை. இன்னும் கீழே இருந்தது. குனிந்தார். இடுப்பில் சுரீரென்றது, அப்படியே தொடை வரை ஓடியது. உள்ளங்கை இரண்டையும் கல்லின் மேல் ஊன்றினார். ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்துவிடலாம். நிமிரவில்லை. அவள் உள்ளே வரட்டும், வந்து பார்க்கட்டும், எப்படி நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே நின்றார். பால்கனியில் போனுக்குள்ளிருந்து குழந்தை ஏதோ கத்தியது. "அச்சச்சோ, யாரு அது, யாரு அது, பாட்டியத் தெரியுதா?" என்று குணசுந்தரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. முதுகு கடுத்தது. கைகளைக் கொஞ்சம் தள்ளி ஊன்றிக்கொண்டு இன்னும் குனிந்தார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.